லேபல் இல்லாத பத்துப் போத்தல்கள்

நான் வைன் குடிக்கிறதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் பதினாறு வருசம் வைன் கடையில் வேலை செய்தவள் என்று தெரிந்ததும் கோயிலில் பக்கத்தில் இருக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி இருக்கிறார்கள். தள்ளி இருக்கட்டும், எனக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கிறது. மணந்து பார்த்திருக்கிறேன். நாக்கில் வைத்துத் துப்பியும் இருக்கிறேன். தொண்டைக்குள் இறக்கினதில்லை. கடைக்கு வந்த பெரிய பெரிய ஆட்களும் ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்து அப்படித்தான் துப்பினார்கள். அதைக் கண்ட நாளில் இருந்து எனக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. தமிழ் எழுத்துக்கூட்டி எழுதுவேன். இங்கிலீசில் என் பெயரை எழுதுவேன், இலக்கங்கள் தெரியும், அவ்வளவுதான். எண்பத்தேழில் சிட்னிக்கு வந்து ஹோம்புஷில் ஒரு பிளாட்டில் இருந்தோம். மேல்மாடியில் ஒரு மலேசியப் பிள்ளை. படிக்க வந்து, படிப்பு முடிந்தும் இங்கேயே நின்றுவிட்டவள். பரமட்டாவில் ஒரு வைன் கடையில் கடிதம் அடிக்கிற வேலை. அவள்தான் ஒருநாள் கதவைத் தட்டி, "அக்கா, எங்க கடையில கிளாஸ் கழுவ ஆள் கேக்குறாங்க. உங்க வீட்டுச் சமையல் பாத்திரத்தப் பார்த்தேன், மொகம் தெரியுது. வர்றீங்களா?" என்று கேட்டாள். அடுத்த நாள் ரெயிலில் போய் இறங்கினேன்.

கடை என்றால் தெருவைப் பார்த்த கடை இல்லை. பின் ஒழுங்கையில் ஒரு செங்கல் கட்டடம். பன்னிரண்டு படி இறங்கினால் கீழே குளிர்ந்த அறை. சுவர் முழுக்க மரச்சட்டங்கள், ஒவ்வொரு பொந்துக்குள்ளும் ஒரு போத்தல் படுத்திருக்கும். முதலாளி மெல்பேர்னில் பிறந்து வளர்ந்தவர், நெடுவல், கதைக்கிறதுக்குக் கூலி கேட்கிற ஆள். ஆனால் பிரான்ஸ் தோட்டங்களைப் பற்றித் தொடங்கினால் நிறுத்தமாட்டார். வருசத்துக்கு ஒருமுறை அங்கே போய்த் தோட்டம் தோட்டமாக நடந்து, மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து, பிடித்தால்தான் வாங்குவார்.

என் வேலை தரை கூட்டுவதும் கிளாஸ் கழுவுவதும். அந்தக் கிளாஸுக்குச் சோப் போடக்கூடாது. சோப்பின் மணம் நின்றால் வைனின் மணம் செத்துவிடும். சுடுதண்ணீர், லினன் துணி, பிறகு ஒவ்வொன்றையும் மூக்கில் வைத்துப் பார்க்கவேண்டும். முதல் கிழமை முதலாளி வந்து ஒரு கிளாஸைத் தூக்கி மணந்தார், வெளிச்சத்தில் பிடித்தார், வைத்துவிட்டுப் போனார். "உங்கள ரொம்பப் புகழ்ந்துட்டாரு," என்றாள் பிள்ளை. "எப்ப?" என்று கேட்டேன். "இப்பத்தான்லா. ஒண்ணும் சொல்லலையே!"

அவருக்கு நான் 'ஆன்ரி'. என்னைவிட அவருக்கு ஆறு வயது கூட இருக்கும். எங்கள் ஆட்கள் யாரோ என்னை அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன்.

நான் கிளாஸ் துடைக்கிற நேரம் அவர் பக்கத்தில் நின்று கதைப்பார். பாதி விளங்கும். மற்றப் பாதியைப் பிள்ளை சொல்லுவாள். இங்கத்தைய போத்தலில் என்ன பழம் என்று எழுதியிருக்கும். பிரான்ஸ்காரன் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதுவான், உள்ளே என்ன பழம் என்று நீதான் தெரிந்திருக்கவேண்டும். போர்தோ என்கிற ஊரில் ஒரே பழத்தில் வைன் செய்வது குறைவு. கபர்னே என்று ஒரு பழம்: தடித்த தோல், பிந்திப் பழுக்கும், கூழாங்கல் நிலம் பிடிக்கும், ஏனென்றால் கல் பகல் வெயிலைப் பிடித்து வைத்து இரவில் கொடுக்கும். மெர்லோ என்று மற்றது: களிமண்ணில் வளரும், முந்திப் பழுக்கும், சதைப்பிடிப்பு. இரண்டு பங்கு அது, ஒரு பங்கு இது, கொஞ்சம் நிறத்துக்கும் காரத்துக்கும் வேறு ஒன்று. ஒவ்வொரு வருசமும் வானத்தைப் பார்த்துப் பங்கை மாற்றுவார்கள்.

"இதிலை என்ன புதுமை?" என்று பிள்ளையிடம் கேட்டேன். "மிளகாய் காரமில்லாத வருசம் நான் கறித்தூளுக்கு மிளகு கூடப் போடுறனான். எனக்கு ஒருத்தரும் பிளேன் பிடிச்சு வந்து மண் அள்ளிப் பாக்கேல்லை."

அவள் அதை அப்படியே அவருக்குச் சொல்லிவிட்டாள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு புதுப் போத்தல் திறந்தால் ஒரு வாய் எனக்கும் ஊற்றி, "ஆன்ரி, மூக்கு?" என்பார். சுருட்டுப் பெட்டி, சீவின பென்சில், நனைந்த நாய், உலர்ந்த பிளம்ஸ், மழை பெய்த அடுத்த நாள் தோட்டம் என்று நான் சொல்லச் சொல்ல, பிள்ளை இங்கிலீசாக்குவாள். அவர் கொப்பியில் எழுதுவார். என் மூக்கில் எனக்குப் பெரிய எண்ணம் வந்தது அப்போதுதான். மறைக்கவில்லை.

பிழை நடந்தது ஒரு தைப்பொங்கலுக்கு முந்தின கிழமை. முதலாளி குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தார். எங்களுக்குப் பொங்கல் என்றால் வீடு கழுவுவதுதானே. வீட்டைக் கழுவி முடித்த கை சும்மா இருக்குமா? கடையையும் தொடங்கினேன். கீழறையில், மூலையில், தனிச் சட்டம் ஒன்று. பத்துப் பொந்து, பத்துப் போத்தல். ஒரே தோட்டத்து வைன், பத்து வேறு வேறு வருசம். அவர் நெடுநாள் தேடி யாரோ ஒரு கிழவரின் வீட்டில் இருந்து கொண்டுவந்தது. பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை எட்டுப் பேரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். எல்லோரும் இந்த விசயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். புதிய வருசத்தில் தொடங்கிப் பழைய வருசம் வரை வரிசையாக ருசி பார்ப்பதுதான் விருந்து.

நான் பார்த்தேன். போத்தல் எல்லாம் பூசணம். கறுப்புக் கறுப்பாய் ஏதோ கடதாசி, பாதி உரிந்து தொங்குகிறது. இதையா விருந்தாளிக்கு முன்னால் வைக்கிறது? கடைக்கு வெட்கமில்லையா, கழுவுகிறவள் எனக்கு வெட்கமில்லையா? பச்சைத் தண்ணீரும் தேங்காய்த் தும்பும் எடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, தேய்த்து, துடைத்து, அதே பொந்தில் திருப்பி வைத்தேன். எனக்கு எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் நித்திரை வராது. கடைசி இரண்டுக்கு வரும்போது மூன்றரை ரெயிலுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக, இரண்டையும் ஒன்றாய் எடுத்துத் தேய்த்தேன். துடைக்கத் துவாயில் வைத்த நேரம் மேலே ரெலிபோன் அடித்தது. ஈரக்கையோடு ஓடினால், என்ர மனுசன்.

"எங்கையப்பா பயறு?"

"இதுக்கோ போன் எடுத்தனீங்கள்? கண்ணுக்கு முன்னாலை இருக்கு."

"என்ர கண்ணுக்கு முன்னாலை சீனிதான் இருக்கு."

"சீனிக்குப் பின்னாலை பாருங்கோ. எட்டிப் பார்த்தால் கழுத்து முறியாது."

திரும்பி வந்து இரண்டையும் வைத்துப் பூட்டிவிட்டு ஓடினேன். பத்தும் கண்ணாடி மாதிரி மின்னின.

பொங்கலன்று, செவ்வாய்க்கிழமை, முதலாளி வந்தார். கீழே இறங்கினார். மேலே வரவில்லை. பிள்ளையும் நானும் போய்ப் பார்த்தால் படியில் குந்திக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள்: நான் உரசித் தள்ளிய அந்தக் கறுப்புக் கடதாசிதான் லேபல். வருசம் அதில்தான் இருந்தது. தக்கையிலும் இருக்கும், ஆனால் திறந்தால்தான் தெரியும். பழைய வைனை முந்தித் திறந்தால் அரை மணித்தியாலத்தில் மணம் ஓடிவிடும். கடைசி நிமிசத்தில்தான் திறக்கவேண்டும். ஆகவே எது எந்த வருசம் என்று திறக்க முதலே தெரிந்திருக்கவேண்டும். எந்தப் பொந்தில் எந்த வருசம் என்று அவரிடம் ஒரு தாள் இருந்தது. நான் அதே பொந்தில் வைத்திருந்தால் தப்பினோம்.

"ஒவ்வொண்ணா எடுத்து அதே எடத்துல வெச்சீங்களான்னு கேக்குறாரு," என்றாள் பிள்ளை.

"ஓம்," என்றேன். "ஒவ்வொண்டாய்த்தான். எனக்கு மாறாது எண்டு சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ மெல்லச் சொன்னார். பிள்ளை சொல்லத் தயங்கினாள். "சொல்லு," என்றேன். "உங்க வார்த்தைய நம்பித்தான் விருந்த நிறுத்தாம நடத்துறாராம். ஒண்ணு மாறியிருந்தாலும் திங்கக்கிழமை நீங்க வரவேணாமாம்."

நான் தேய்த்ததில் அடியில் கிடந்த மண்டி எல்லாம் கலங்கியிருந்தது. அது அடங்கட்டும் என்று பத்தையும் வரிசைப்படியே கீழறை மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

வீட்டுக்குப் போகிற ரெயிலில்தான் துவாயும் ரெலிபோனும் ஞாபகம் வந்தது. எட்டு நிச்சயம். கடைசி இரண்டில் எது இடது கையில் இருந்தது, எது வலது கையில் இருந்தது? மனுசனிடம் சொன்னேன். "அப்ப என்னாலைதான் எண்டு சொல்லுறீர்," என்றார். "பயறாலை," என்றேன். அன்றைக்குப் பொங்கின பொங்கல் நன்றாகத்தான் வந்திருந்தது, எனக்கு இறங்கவில்லை.

வியாழக்கிழமை கீழறைக்குப் போனேன். தாளைப் பற்றி முதலாளி சொன்னது நினைவிருந்தது. ஒன்பதாவது மழை வருசம், பத்தாவது நல்ல வெயில் வருசம். ரொர்ச்சை எடுத்துப் போத்தலின் கழுத்துக்குப் பின்னால் பிடித்தேன், அவர் பிடிக்கிற மாதிரி. ஒன்பதாவது இடத்தில் நின்றது கறுத்த சிவப்பு. பத்தாவது இடத்தில் நின்றது வெளிறி, செங்கல் நிறம். மழை பெய்தால் பழத்தில் தண்ணீர். தண்ணீர் என்றால் வெளிறல். அப்படியென்றால் மழைப் போத்தல் பத்தாவது இடத்தில் நிற்கிறது. மாறித்தான் போச்சு! இரண்டையும் மெல்லத் தூக்கி இடம் மாற்றினால் சரி. கையை வைத்துவிட்டேன்.

"என்னக்கா செய்றீங்க?" பிள்ளை படியில் நின்றாள். சொன்னேன்.

"அப்ப மாத்தி வெச்சிட்டுப் பேசாம இருங்கக்கா. யாருக்குத் தெரியப் போகுது? உங்க மூக்கு பொய் சொல்லாது."

"மூக்கு இன்னும் மணக்கேல்லை. இது கண் சொல்லுறது."

"கண்ணும் உங்களோடதுதானே!"

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் நான் அவருக்கு 'ஒவ்வொண்டாய்' என்று சொல்லியிருக்கிறேன். இப்போது மாற்றினால் அந்தச் சொல்லுக்கு மேல் இன்னொன்றை ஏற்றி வைப்பதாகிவிடும். என் வேலை சுத்தம் செய்கிற வேலை. கையை எடுத்தேன். "வா மேலை," என்றேன். "நான் சொல்லுறதை ஒண்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லு."

முதலாளி மேலே தன் எழுத்து மேசையில் இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். "செவ்வாய்க்கிழமை சொன்னது எட்டுப் போத்தலுக்கு உண்மை. கடைசி இரண்டையும் ஒண்டாய் எடுத்தனான். போன் வந்தது. எது எங்கை எண்டு எனக்கு நிச்சயம் இல்லை. மாறியிருக்கு எண்டுதான் நினைக்கிறன். ஆனால் நான் தொடேல்லை."

பிள்ளை சொல்லி முடித்தாள். அவர் பேனையின் மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். பிறகு, "தொடவேண்டாம்," என்றார். "சனிக்கிழமை வா." திங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை எட்டுப் பேரும் வந்தார்கள். நான் கிளாஸ் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒன்று திறந்தார், தக்கையைப் பார்த்தார், தலையாட்டினார். இரண்டு, மூன்று. எட்டு வரைக்கும் வரிசை மாறவில்லை. பிறகு அவர் எழும்பி, கடைசி இரண்டும் எது எது என்று தனக்கே தெரியாது, நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார். இரண்டையும் திறந்து, தக்கைகளைப் பார்க்காமல், இடது பையில் ஒன்று வலது பையில் ஒன்று போட்டுக்கொண்டார்.

அதுவரை மரியாதையாக இருந்த மனிதர்கள் சந்தையாகிவிட்டார்கள். ஒருவர் மூக்கை உள்ளே விட்டு எடுக்கவே இல்லை. ஒருவர் மற்றவரைப் பார்த்து, "உனக்குச் சளி, நீ பேசாதே," என்றார். கடைசியில் நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம். முதலாளி என்னைப் பார்த்தார். "ஆன்ரி?"

நான் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஒன்பதாவது: சுருட்டுப் பெட்டி, பென்சில், கறுத்த பழம், இன்னும் முறுக்கு விடவில்லை. பத்தாவது: அத்திப்பழம் காய்ந்த மணம், காளான், மெத்து மெத்தென்று ஒரு இனிமை. யோசிக்கவே இல்லை. "இது வெயில் வருசம்," என்று ஒன்பதாவதைக் காட்டினேன். "மற்றது மழை."

அவர் இரண்டு தக்கைகளையும் எடுத்து அந்தந்தப் போத்தலுக்கு முன்னால் வைத்தார். நான் இலக்கம் வாசிப்பேன். ஒன்பதாவதுதான் மழை வருசம். பத்தாவதுதான் வெயில். இரண்டும் ஆரம்பத்தில் இருந்தே தன் தன் இடத்தில்தான் நின்றிருக்கின்றன.

பாதிப் பேர் கை தட்டினார்கள், மற்றப் பாதி என்னோடு சேர்ந்து முழித்தார்கள். முதலாளி விளக்கினார். அந்த மழை பெய்தது மெர்லோ பூக்கிற நேரத்தில். பூ கொட்டிவிட்டது. அதனால் அந்த வருசம் போத்தலில் மெர்லோ ஒரு கைப்பிடிதான், மற்றதெல்லாம் பிந்திப் பழுத்த கபர்னே. அதுதான் கறுப்பு, அதுதான் முறுக்கு. வெயில் வருசத்தில் மெர்லோ அள்ளு கொள்ளையாய் விளைந்தது. அது கெதியாய் முதிர்ந்து நிறம் இறங்கிவிட்டது. பங்கை மாற்றுகிறது எனக்குத் தெரியாத விசயமா? தூளுக்கு மிளகு கூடப் போடுகிற எனக்கு அது வராமல் போய்விட்டதே என்றுதான் ஆத்திரம். வியாழக்கிழமை அந்தக் கையை எடுக்காமல் விட்டிருந்தால், சரியாய் நின்றதைப் பிழையாக்கி, எட்டுப் பேருக்கு முன்னால் அவரை நாற அடித்திருப்பேன்.

எல்லோரும் போன பிறகு சமையலறையில் கிளாஸ் கழுவிக்கொண்டு நின்றேன். எண்பதோ தொண்ணூறோ கிளாஸ். முதலாளி உள்ளே வந்து ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். சரியாய்த் துடைக்கத் தெரியாது, நான் பார்க்காத மாதிரி இருந்தேன். இரண்டு கையின் விரலையும் விரித்துக் காட்டினார்.

"பத்துக்குப் பத்து, ஆன்ரி."

அந்தளவு இங்கிலீஸ் எனக்கும் வரும். பிள்ளையைக் கூப்பிடவில்லை.

"இல்லை," என்றேன். "எட்டு நான் வைச்சது. இரண்டு தானாய் நிண்டது."

அவர் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு, மற்ற எட்டாலும் அடுத்த கிளாஸை எடுத்தார். "திங்கட்கிழமை எட்டரைக்கு," என்றார்.

அவர் துடைத்து வைத்த கிளாஸ்களை அவர் போன பிறகு திருப்பிக் கழுவினேன்.