அக்கா அணைக்காத கற்பூரம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர் சிலர் அவரை அடக்கமானவர் என்று சொல்லக் கேட்டேன். அக்கா அடக்கமானவர் அல்லர். ஒரே பாயில் அவரோடு படுத்து வளர்ந்த தங்கை நான், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் சித்தப்பா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தார். "செத்தவளப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா. அந்த நோட்டு விஷயத்த மட்டும் விட்டுடு" என்றார். சற்றுப் பொறுத்து, "எழுதித்தான் ஆகணும்னா, சின்ன வயசுல தெரியாம செஞ்சிட்டா, அப்புறம் வருத்தப்பட்டான்னு போட்டுடு" என்றார். இறுதிச் சடங்குக்கு ஓடியாடி உழைத்தவர் அவர். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அக்கா ஒரு நாளும் வருத்தப்படவில்லை. படாததைப் பட்டார் என்று நான் எப்படி எழுதுவேன்?

அக்கா பிறந்தது கிள்ளானில். அப்பா அங்கே ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி வரும்போது தண்டவாளத்தை மாற்றிவிடும் வேலை. பிறகு மாற்றலாகிப் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அம்மா இரண்டு மாடு வளர்த்து, வீடு வீடாகப் பால் ஊற்றி அக்காவை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினார்.

மேல் வகுப்புக்குப் போனதும் அக்காவுக்கு லிட்டரேச்சர் பைத்தியம் பிடித்துக்கொண்டது. குழாயடியில் வாளி நிரம்பும் வரை, பனி விழும் ஊர்களின் பாட்டுகளைச் சத்தமாக ஒப்பிப்பார். வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவர் நிறுத்த மாட்டார். ஆனால் கம்போசிஷன் எழுத உட்கார்ந்தால் பனி வராது. கரிப்புகை வரும், எங்கள் மாடு வரும், குழாயடிச் சண்டை வரும்.

ஒரு நாள் அவருடைய ஆசிரியை, உங்களை வேறு யாராகவாவது கற்பனை செய்துகொண்டு ஒரு கடிதம் எழுதுங்கள் என்றாராம். மற்றப் பெண்கள் அரசகுமாரியாகவும் மாலுமியின் மனைவியாகவும் எழுதினார்கள். அக்கா, கிள்ளானில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் தாய்க்கு எழுதுவதாக எழுதினார். அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு, இடுப்பில் பிள்ளையோடு பகல் பன்னிரண்டு மணி ரயிலில் அந்தப் பெண் ஏறுகிறாள். ஆசிரியை அதை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

கேட்ட பெண்களில் ஒருத்தி, ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்த்த பக்கத்து வீட்டுக் கிராணியாரின் மகள். விஷயம் அவர் காதுக்குப் போனது. நோட்டை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னார். அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்த இங்கிலீஷ் காகிதம் எல்லாம் ரயில்வே உத்தரவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, அபராத நோட்டீஸ். இங்கிலீஷில் எழுதியிருந்தால் அது நடந்தது, அல்லது நடக்கப்போவது. விளையாட்டுக்கும் ஒருவர் இங்கிலீஷில் எழுதுவார் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

போதாக்குறைக்கு, சித்தப்பா கிள்ளானில்தான் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார். "இன்னும் தாலியே ஏறல, அதுக்குள்ள ஓடிப்போற நேரத்தக் குறிச்சிட்டாளே" என்று தலையில் அடித்துக்கொண்டார். செய்தி எட்டியதும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். எழுதியதெல்லாம் பொய், இனி எழுத மாட்டேன் என்று பெண் கோயிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பள்ளிக்கூடமும் நின்றது என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு எவனையும் தெரியாது. எங்கயும் ஓடிப்போக மாட்டேன். அதுக்குச் சத்தியம் பண்றேன். எழுதினது பொய்னு பண்ண மாட்டேன்."

"பொய் இல்லேன்னா நெசமா?" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

"எனக்கு நடந்ததில்ல. நானா நெனச்சு எழுதினது. ஆனா அப்படி ஒருத்தி கிள்ளான்ல இல்லவே இல்லேன்னு நீங்க அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. அப்புறம் நான் பண்றேன்."

 மாப்பிள்ளையின் தாயார் தலை குனிந்துகொண்டார். அதை நான் பார்த்தேன்.

அப்போது அப்பா வாய் திறந்தார். "பன்னெண்டு மணிக்குக் கிள்ளான்ல வண்டியே கெடையாதே. பதினொன்னரைக்கு ஒண்ணு. அத விட்டா ரெண்டரைதான். ஓடிப்போறவ வண்டி நேரத்த விசாரிக்காமயா இருப்பா? இது எம்மவளா கட்டுனதுதான்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கற்பூரம் தானே எரிந்து அணைந்துவிட்டது. சம்பந்தமும் அத்தோடு போயிற்று.

வீடு திரும்பும் வழியில் அப்பா, "அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. பள்ளிக்கூட மணி அடிச்சிட்டாங்க."

"வண்டி நேரத்த மாத்திடு. அது தப்பா இருந்தா மிச்சத்த எவனும் நம்ப மாட்டான்."

வந்ததும் அக்கா நோட்டைத் திறந்து, பன்னிரண்டை அடித்துப் பதினொன்றரை என்று எழுதினார். வேறு ஒரு சொல்லையும் மாற்றவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போனார்.

பின்னர் சீனியர் பரீட்சையில் தேறி, கோலாலம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் ஆசிரியை ஆனார். மணம் செய்துகொள்ளவில்லை. அதைக் குறையென்று பேசியவர்களுக்குச் சொல்கிறேன், அவருக்கு அது குறையாக இருந்ததில்லை. படிப்பை நிறுத்திய பெண்களின் வீடுகளுக்குப் போய், சம்மதம் சொல்லும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். மாணவிகளின் நோட்டுகளில் சிவப்பு மையில் அவர் அதிகம் எழுதியது ஒரே கேள்வி: அப்புறம் என்ன ஆயிற்று? அது அப்பாவின் கேள்வி என்று எனக்கு மட்டும் தெரியும். நெஞ்சு நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கட்டிலில் நோட்டுக் கட்டு இருந்தது. கடைசி நான்கு நோட்டுகளை அவரால் பார்க்க முடியவில்லை. அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் தாதியருக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த மாணவிகளுக்கும், சடங்குகளை முன்நின்று நடத்திய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கிராணியாருக்கும் நன்றி. அக்காவின் எழுத்தை முதலில் தமிழில் தந்தவர் அவரே, அதுவும் ஒரு வரி விடாமல்.

இதில் பிழை கண்டால் உறவினர்கள் தாராளமாகச் சொல்லலாம். ரயில் நேரம் தப்பாக இருந்தால் திருத்திக்கொள்கிறேன். வேறு ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.