முள்ளால் மூடிய ஊற்றுகள்

திருப்பதியில் என் மகன் வீட்டுக்குப் பக்கத்து மனையை நேற்று முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். அந்தப் பச்சை முள்ளின் வாசனை ஜன்னல் வழியே வந்ததும், நாராயணவனத்துக்கு மேற்கே, கல் குவாரிக்காக வெட்டித் தீர்த்துவிட்ட எங்கள் மலையடிவாரம் கண்முன்னே வந்து நின்றது.

கோடையில் அங்கே நான்கைந்து ஊற்றுகளில்தான் தண்ணீர் கசியும். மானும் முயலும் கௌதாரியும் அதை நம்பித்தான் உயிர் வைத்திருக்கும். வேட்டைக்காரர்கள் ஓர் ஊற்றை மட்டும் திறந்து வைத்து, மற்றதையெல்லாம் முள்ளால் மூடிவிட்டு, திறந்த ஊற்றைச் சுற்றிக் கண்ணி வைப்பார்கள். காலையில் ஆடு ஓட்டிப் போகும் என் அம்மா அந்த முள்ளையெல்லாம் துரட்டியால் இழுத்துப் போடுவாள். யாருக்கும் அடங்கியவள் இல்லை அவள். கோடை முழுக்க அவர்கள் மூடுவதும் இவள் திறப்பதுமாகவே போகும்.

ஒருநாள் அவர்களில் ஒருவன் வழியில் நின்றான்.

"இன்னாக்கா, காட்டுக்கே நீதான் காவலா?"

"உன் ஊட்டுப் பானையவா தொறந்து உட்டேன்?" என்றாள் அம்மா.

அவன் சிரித்தான். "சரிக்கா. இனிமே மூடல."

சொன்னபடியே, மறுநாள் நானும் அம்மாவோடு ஆடு ஓட்டிப் போனபோது எந்த ஊற்றிலும் முள் இல்லை. பறவைச் சத்தமும் இல்லை. தண்ணீர் ஓரம் ஒரு கௌதாரி விறைத்துக் கிடந்தது. தண்ணீரில் பயிருக்கு அடிக்கும் மருந்தின் நாற்றம்.

"ஆட்டை ஊட்டுக்கு ஓட்டிக்கினு போடி, ஒண்ணும் வாய் வெக்கக் கூடாது" என்று என்னை அனுப்பிவிட்டு, அம்மா முள் வெட்ட ஆரம்பித்தாள். பொழுது சாயும்வரை, ஒரு குருவிகூட நுழைய முடியாதபடி, ஒவ்வோர் ஊற்றையும் தன் கையாலேயே மூடினாள்.