தட்டு என்னைத் தாண்டிப் போன மாதங்கள்

பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது நான் மலேசியாவில், ஸ்கூடாயில் தொழிற்சாலை வேன் ஓட்டுகிற வேலையில் இருந்தேன். நல்லவேளை, வண்டியில் வைத்து விழவில்லை. வீட்டில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தேன். வேனில் வருகிறவர்களைக் காப்பாற்றிய கர்த்தர் ரொட்டியைக் கைவிட்டுவிட்டார்.

கை திரும்பினால் வேன், திரும்பாவிட்டால் சோபா. இதுதான் என் நிலைமை. அமுக்கிப் பழகச் சொல்லி மருத்துவமனையில் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். பந்து நசுங்கவில்லை, நான்தான் நசுங்கினேன். வெறுத்துப்போய் அதைச் சோபாவுக்கு அடியில் உருட்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எங்கள் சபை ஆறுதல் சொல்ல வந்தது. டயர் கடைக்கு மேல்மாடியில் கூடுகிற சின்னச் சபை. கூடவே வெளியூர் போதகர் ஒருவர். கொளுத்துகிற வெயிலில் கோட்டு. கையகல வரவேற்பறைக்கு மைக்கும் ஒலிபெருக்கியும். ஆண்டவருக்குக் காது மந்தம் என்று யார் இவரிடம் சொன்னார்களோ!

"பிரதர், கைய தூக்குங்க!"

"தூக்க முடிஞ்சா ஒங்கள ஏன் பாஸ்டர் கூப்புடப்போறேன்?"

"விசுவாசத்தோட தூக்குங்க!"

கடைசியில் அவரே பிடித்துத் தூக்கினார். அல்லேலூயா என்று வீடு அதிர்ந்தது. ஒருவர் கைப்பேசியில் படம்கூட எடுத்தார். போதகர் விட்டதும் கை நேராகப் பக்கத்து மேசைக் கோழிக்குழம்பில் போய் விழுந்தது. கோட்டெல்லாம் குழம்பு.

"பிரதருக்கு விசுவாசம் கொஞ்சம் பத்தல," என்றார் துடைத்துக்கொண்டே. பிறகு அதே குழம்பை ஊற்றி மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டார். அவருடைய விசுவாசத்தை நான் குறையே சொல்லமாட்டேன்.

மாத முதல் ஞாயிறு எங்களுக்கு இராப்போஜனம், இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து எடுப்பது. அப்பத் துண்டும், கட்டைவிரல் அளவுக் கிண்ணத்தில் திராட்சை ரசமும் தட்டில் வரும். நம் ஆட்களுக்கு அதையெல்லாம் வலது கையில்தான் வாங்கவேண்டும். கல்யாண வீட்டு வெற்றிலையைக்கூட இடது கையில் வாங்காதவன் கர்த்தரின் பந்தியில் அந்தக் கையை எப்படி நீட்டுவது? வேண்டாம் என்று தலையசைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே.

இராப்போஜனம் எடுக்காதவன் என்றால் எங்கள் சபையில் ஒரே அர்த்தம், மறைவான பாவம். துப்பறிய ஆரம்பித்தார்கள். குடியா? ஜொகூர் பாருவில் இன்னொரு குடும்பமா? சட்டைப் பொத்தான் போடவே மனைவியைக் கூப்பிடுகிறவனுக்கு இன்னொரு குடும்பமாம்! என்னை அப்படியொரு வீரனாக அதுவரை யாரும் மதித்ததில்லை. ஜெபக்குழுவில் நாகரிகமாகப் பெயரைச் சொல்லாமல், "வேன் ஓட்டுன பிரதருக்காக" ஜெபித்தார்களாம். சபையில் வேன் ஓட்டியவன் நான் ஒருவன்தான்.

அவர்களை மனதார இளக்காரமாக நினைத்தேன். அதில் ஒரு சுகமும் இருந்தது. கைதான் ஓடவில்லை, நாக்காவது ஓடட்டுமே.

தட்டு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். பக்தி ஒன்றுமில்லை, எவன் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது, அவ்வளவுதான். ஒரு ஞாயிறு மூட மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவியும் வேண்டாம் என்று தலையசைப்பதைப் பார்த்தேன்.

"நீ ஏன் எடுக்கல?" என்றேன் மெதுவாக.

"நீங்க நிறுத்துனதிலேருந்து நானும் எடுக்கலியே."

"அலமாக்! ஒன்னையும் பாவின்னு சொல்லுவாங்க."

"சொல்லியாச்சு லா. ஒங்க இன்னொரு குடும்பத்த நான்தான் மறச்சு வச்சிருக்கேனாம்." துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "ஒங்கள விட்டுட்டு குடிச்சா எறங்காதுங்க," என்றாள்.

தட்டுக்காரர் அதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

"பிரதர்! இங்க வாங்க!" என்று கத்தினேன். மொத்தச் சபையும் திரும்பியது. இடது கையை நீட்டினேன். அவர் கையையே பார்த்தார்.

"இதுதான் இருக்கு," என்றேன்.

கொடுத்தார். அவளும் எடுத்துக்கொண்டாள். அதிக இனிப்பான, மட்டமான பழச்சாறு. ஆனால் அது உள்ளே போனதும், பல மாதமாக வராத ஜெபம் ஒன்று மைக் இல்லாமலே வந்தது. 'ஆண்டவரே, இந்தக் கையிலும் கொடுக்கிற ஆளா நீர்? அப்படியானால் கூடவே இரும். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.'

வீட்டுக்கு வந்து தரையில் படுத்து, சோபாவுக்கு அடியிலிருந்து தூசியோடு பந்தை எடுத்தேன். வலது கையில் வைத்து அமுக்கினேன்.

"அசைஞ்சுதாங்க?"

"இல்ல."

"அப்ப?"

"நாளைக்கும் அமுக்குவேன் லா. கோட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிராத, மைக்க தூக்கிட்டு வந்துருவாரு."