பத்தாயத்தின் மேல் ஒரு ரயில்பாதை

என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் என் அப்பா கேட்ட முதல் கேள்வி, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பதல்ல. "உங்க ஊருக்கு ரயில் உண்டா?" என்பதுதான். நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். திருச்செந்தூர் பாதையில் ஒரு ரயில்வே கேட்டில் கேட்காரராக இருந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? வந்தவர்கள் தங்கள் வாயாலேயே சொல்லட்டும் என்று கேட்டது அது. "பஸ் உண்டு" என்று பதில் வந்தது. "பஸ்சு எல்லா ஊருக்குந்தான் இருக்கு" என்று அப்பா வெற்றிலையை மடித்தார். ஆனாலும் தூரத்துச் சொந்தம், மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் இல்லை, வீட்டில் நெல் இருக்கிறது. சுதந்திரம் வந்த மறு வருசம் நான் ஆரல்வாய்மொழி தாண்டி நாகர்கோவில் ஒழுகினசேரிக்கு வாழ வந்தேன்.

கேட் வீட்டில் பிறந்தவளுக்கு ரயில்தான் கடியாரம். காலை பாசஞ்சர் போனால் உலை வைக்க வேண்டும், குட்ஸ் வண்டி போனால் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க வேண்டும். வந்த வீட்டிலோ எங்கே பார்த்தாலும் கடியாரம். என் வீட்டுக்காரர் கடியாரம் ரிப்பேர் செய்கிறவர். சுவரில் தொங்குவது, அலமாரியில் நிற்பது, திறந்து போட்டது என்று எத்தனையோ இருந்தன, ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்கு உலை வைக்கிற நேரமே பிடிபடவில்லை. ரயில் இல்லாத ஊரில் பொழுது எப்படித்தான் போகிறதோ என்று ஒருநாள் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

அவர் கோபப்படவில்லை. கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, ரயிலு எப்பிடி இருக்கும்? வெவரமாச் சொல்லு" என்றார். திருவனந்தபுரத்தில் ஒரு தடவை பிளாட்பாரத்தில் நின்று பார்த்திருக்கிறாராம், ஏறியது இல்லை. நான் சொல்லச் சொல்ல, தரையில் சாக்குக்கட்டியால் வரைந்துகொண்டே வந்தார். எனக்குப் பொழுது போக வேண்டுமென்று கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கடையிலிருந்து ஓடாத டைம்பீஸ் ஒன்றின் சுருள்வில்லோடு வந்து நின்றார்.

இன்ஜின் தயாரானது அப்படித்தான். வயிறு ஒரு பவுடர் டப்பா, புகைபோக்கி நூல் சுற்றிய கட்டை, சக்கரங்கள் பழைய கடியாரத்துப் பித்தளை. சாவி கொடுத்தால் ஓடும். மண்ணெண்ணெய்த் தகரத்தை நறுக்கி, விளிம்பை மடித்து, தண்டவாளம் செய்தார். அதன் அடியில் பனங்கழியைச் சீவிச் சிலிப்பர் கட்டை போட்டார். கன்னியாகுமரியில் யாத்திரைக்காரர்களுக்கு அரிசி மாதிரி ஒரு மணலைப் பொட்டலம் கட்டி விற்பார்கள் அல்லவா, அதுதான் எங்கள் பாதைக்கு ஜல்லி. மலை செய்கிற வேலை என்னுடையது. காகிதத்தை ஊறப்போட்டு, வெந்தயம் சேர்த்து அரைத்து, கூழாக்கிக் கோணியின்மேல் அப்பினேன். மலை நன்றாகத்தான் வந்தது. வெந்தய வாசனைக்கு எலி வந்து ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டுப் போனபிறகு இன்னும் நன்றாக இருந்தது. அந்த ஓட்டையைத்தான் குகையாக வைத்துக்கொண்டோம்.

இதையெல்லாம் எங்கே வைப்பது? வீட்டில் தட்டையாகவும் அகலமாகவும் இருந்தது ஒரே ஒரு இடம், நெல் கொட்டி வைக்கும் மரப் பத்தாயம். இடுப்புயரம், நாலு பேர் படுக்கலாம். அதன் மேல்பலகைகள்மீது வட்டமாகப் பாதை போட்டார். என் மாமியார் முதலில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"எனக்க பத்தாயத்துக்க மேல என்னடே கூத்து இது? நெல்லு எடுக்கதுக்கு நான் ரயிலேறியா போகணும்?"

பேச்சு என்னவோ அப்படி. ஒரு வாரம் போவதற்குள், "மக்கா, மண்டைக்காட்டு அம்மன் கொடைக்குப் போக ஒரு டேசன் வைக்கப்படாதா?" என்று மகனிடம் மெதுவாகக் கேட்டவரும் அவர்தான். வைத்தார். எங்கள் பாதையில் கன்னியாகுமரி ஸ்டேஷனுக்கும் தோவாளை ஸ்டேஷனுக்கும் நடுவில் மண்டைக்காடு வந்தது. பூகோளம் தெரிந்த யாராவது பார்த்தால் சிரித்திருப்பார்கள், எங்களுக்கு அது சௌகரியமாக இருந்தது.

பாதை போடுவது பெரிசில்லை, வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. கடல்காற்று தகரத்தைத் துருவேற்றிவிடும். தேங்காய் எண்ணெய் தடவினால் எறும்பு. மண்ணெண்ணெய் தடவினால் மாமியார். இது போதாதென்று, கன்னிப்பூ அறுவடை, கும்பப்பூ அறுவடை என்று புதுநெல் வரும்போதெல்லாம் பலகைகளைத் தூக்கிப் பத்தாயத்தைத் திறக்க வேண்டும். மலையையும் ஸ்டேஷனையும் பாதையையும் பிரித்துக் கட்டிலடியில் அடுக்கிவிட்டு, நெல் கொட்டி முடிந்ததும் மறுபடி பூட்டுவோம். ஒருமுறை பலகை ஒன்றைத் திறந்து வைத்திருந்தது தெரியாமல் அவர் சாவி கொடுத்துவிட, இன்ஜின் நேராக நெல்லுக்குள் போய்ப் புதைந்தது. தோண்டி எடுத்தோம், ஒரு சக்கரம் மட்டும் கிடைக்கவில்லை. பிறகொருநாள் மாமியார் புடைத்துக்கொண்டிருந்த முறத்தில் பதரோடு அது வந்தது. ரயில்வேக்கும் விவசாயத்துக்கும் இப்படி ஒரு சம்பந்தம் வேறு எங்கேயும் இருந்திருக்காது.

நாங்கள் பெரிதாகச் சண்டை போட்டது கேட்டுக்காகத்தான். பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சாலை, அதில் வைக்கோல் ஏற்றிய ஒரு மாட்டுவண்டி, இரண்டு பக்கமும் கேட். எல்லாம் அழகாகச் செய்திருந்தார். ஆனால் கேட்டைச் சாலைக்குக் குறுக்கே சாத்தாமல் தண்டவாளத்துக்குக் குறுக்கே சாத்தி வைத்திருந்தார். வண்டி கடந்து போகும்வரை ரயில் நிற்க வேண்டுமாம்.

"கேட்காரர் மகள் வீட்டிலா இந்த அநியாயம்? ரயில் வந்தா வண்டிதான் நிக்கணும்" என்றேன்.

"அது பாரவண்டிலா? ஏத்தத்துல ஏறிட்டு இருக்கு. பாதியில நிறுத்தினா அந்த மாடு மறுபடி இழுக்குமா?" என்றார் அவர். "ரயிலுக்கு என்ன நோவு? சாவி குடுத்தா தன்னால ஓடும்."

வயலும் வண்டியுமாக வளர்ந்தவருக்கு இதைவிடப் பெரிய நியாயம் தெரியவில்லை. நான் எவ்வளவு சொல்லியும் கேட்டைத் திருப்பவில்லை. கடைசியில், "ஒனக்க அப்பா வரட்டும். அவர் சொன்னா மாத்துகேன்" என்றார்.

அங்கேதான் எனக்கு வலித்தது. அப்பா வருவார், தீபாவளிச் சீர், பொங்கல் சீர் எதையும் விட்டதில்லை. ஆனால் ஒரு ராத்திரிகூட என் வீட்டில் தங்கியது இல்லை. வாசலில் கால் கழுவுவார், காப்பி குடிப்பார், சாப்பிடுவார், அடுத்த பஸ்சைப் பிடித்துவிடுவார். "கேட்டுல மாத்து ஆளு இல்லம்மா" என்பார். லீவு போட்டிருந்தாலும் அதைத்தான் சொல்வார். பத்தாயம் வைத்த வீட்டில் கால் நீட்டிப் படுக்க அவருக்குக் கூச்சம் என்பது எனக்குத் தெரியும். மகளைக் கட்டிக்கொடுத்த வீடு அவருக்கு வண்டி நின்று போகிற ஸ்டேஷனாகவே இருந்தது. ரயிலைப் பார்க்கிற சாக்கிலாவது ஒரு ராத்திரி இருக்க மாட்டாரா என்பதுதான் என் ஆசை. கேட் எந்தப் பக்கம் சாத்தினால் எனக்கென்ன?

அப்பா வந்தது சரசுவதி பூசையன்று. சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் வந்து நின்றார், கையில் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. எனக்குச் சந்தோசமும் பகீரென்பதும் ஒன்றாக வந்தன. எங்கள் பக்கம் அஷ்டமி சாயந்திரமே புத்தகத்தையும் ஆயுதத்தையும் பூசையில் வைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் பூசை எடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது, தொழிலும் கூடாது. முந்தின நாள்தான் என் மாமியார், மகனுடைய திருப்புளி, இடுக்கி, அரம் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, "இதுவும் ஆயுதந்தாலா" என்று இன்ஜினையும் எடுத்துக்கொண்டுபோய் ராமாயணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். புகைபோக்கியில் சந்தனப் பொட்டு, மேலே தோவாளைப் பிச்சிப்பூ.

"அப்பா ரயிலு பாக்கணும்லா, அத மட்டும் எடுத்துக்கிடட்டா?" என்று என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பூசை எடுக்கதுக்கு முன்னால கைய வச்சியோ, கொன்னு போடுவேன்" என்றார் மாமியார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவ்வளவு நாள் காத்திருந்து, இன்றைக்கா? அப்பா சாயந்திர பஸ்சுக்கு இப்போதே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். "வண்டி ஓடாட்டி என்னம்மா, பாதையப் பாத்துட்டுப் போறேன்" என்று பத்தாயத்துப் பக்கம் போனார்.

பாதையைச் சுற்றி மெதுவாக நடந்தார். வளைவில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். சிலிப்பர் கட்டையை விரலால் தட்டினார். கேட்டுக்கு வந்ததும் நின்றார். தண்டவாளத்தின்மேல் சாத்தியிருந்த கேட்டையும், நிம்மதியாக ஏறிக்கொண்டிருந்த வைக்கோல் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல வண்டி வரணும்லா?" என்றார் அப்பா.

"ஆமா மாமா. ஆனா பூசை..."

"பூசை எப்ப எடுப்பிய, மதினி?"

"நாளைக்குக் காலம்பற" என்றார் மாமியார்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இரண்டாக மடித்துப் பத்தாயத்தின் ஓரத்தில் வைத்தார்.

"வண்டி வரணும்னு இருக்கையில, அது போகாம கேட்காரன் இடத்த விட்டு நகரப்படாது. நாளைக்கு அனுப்பிட்டே போறேன்."

நான் அடுக்களைக்கு ஓடிவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று மாமியார் எட்டிப் பார்த்தார். "வாழைக்காயும் சேனையும் கெடக்கு, எரிசேரிக்கு நறுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயந்திர பஸ் போன நேரத்தில் என் அப்பா எங்கள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, என் வீட்டுக்காரருக்குப் பச்சைக் கொடி பிடிக்கிற முறை சொல்லிக்கொண்டிருந்தார்.

விஜயதசமி காலையில் பூசை எடுத்தார்கள். எல்லோரும் அரிசியில் விரலால் எழுதினோம். பிறகு சந்தனப் பொட்டோடும் பிச்சிப்பூவோடும் இன்ஜின் பாதையில் ஏறியது. குகைக்குள் போனது, மண்டைக்காட்டில் நின்று மாமியாரை ஏற்றிக்கொண்டது, கேட்டுக்கு வந்தது. என் வீட்டுக்காரர் விரலால் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு வைக்கோல் வண்டியைத் தள்ளினார். வண்டி ஆடி ஆடிக் கடந்தது. அவர் என் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்புதான் மாப்ளே" என்றார் அப்பா. எனக்கு ஒரே பெருமை. என் வீட்டுக்காரர் கேட்டைத் திருப்பக் கை நீட்டினார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும். கேட்டச் சாத்தும்போதெல்லாம் வண்டிக்காரன் எங்கிட்டதான் வையுதான். இந்த ஒரு ஊர்லயாவது கேட்காரன் வசவு வாங்காம இருக்கட்டும்."

அந்தச் சண்டையில் நான் தோற்றேன். அப்படித் தோற்றதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

மறுவருசத்துக்குள் பாதையில் எவ்வளவோ மாறியது. கேட் மட்டும் அப்படியே இருந்தது. அப்பாவும் வந்தார். பொங்கலுக்கு வந்தபோது இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சுற்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்சில் போய்விட்டார். புரட்டாசியில் மறுபடி வந்தார். அஷ்டமியன்று, எல்லாம் பூசையில் ஏறின பிறகு, கருப்பட்டிப் பெட்டியோடு. இன்ஜின் பூசையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "அடடா, இன்னைக்கும் வண்டி இல்லையா?" என்று துண்டை மடித்துப் பத்தாயத்தில் வைத்தார். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் என் அப்பா. அதற்குப் பிறகு எந்த வருசமும் அந்த நாள் தவறவில்லை.

மாமியாரும் விவரமானவர். அஷ்டமி சாயந்திரம் ஆனால் முதலில் இன்ஜினைத்தான் தூக்கிக்கொண்டுபோய்ப் பூசையில் வைப்பார். ராமாயணமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.