கோவிந்தசாமி பெயரில் வந்த செய்தி

காலையில் கோவிந்தசாமியின் மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். "மாமா, அப்பா பேருல மெசேஜ் வந்திருக்குது. நல்லா இருக்கேம்மான்னு எழுதியிருக்குது."

கோவிந்தசாமிக்குப் போன வாரம்தான் கருமாதி முடிந்தது.

நேராக பிரவுசிங் சென்டருக்குப் போனேன். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றதும் நானும் கோவிந்தசாமியும் ஆசையாக வந்து உட்கார்ந்த இடம். அவன் வழக்கமாக உட்காரும் கம்ப்யூட்டரில், அவன் மகளுக்கு மெசேஜ் அனுப்பும் பக்கத்தைத் திறந்தேன்.

"வாங்க, கோவிந்தசாமி."

எழுத்துக்கூட்டாமலே படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் அடங்கிய பிறகுதான் 'பேய்' என்று கத்தினேன்.

சென்டர் நடத்தும் செல்வி வந்து பார்த்தாள்.

"பேய் இல்லைங்க பெரியவரே, குக்கின்னு ஒரு அடையாளச் சீட்டு. நீங்க வேலை பார்த்த பீங்கான் கம்பெனி கேட்டுல டோக்கன் காட்டுவீங்கல்ல? அதுமாதிரி வெப்சைட்டு அவருக்குக் கொடுத்தது. கம்ப்யூட்டர் வச்சிருந்து காட்டுது."

"ஆபத்தாம்மா?"

"வைரஸ் இல்லைங்க. சொந்தக் கம்ப்யூட்டர்னா பெருசா பயமில்லை. இங்க லாக் அவுட் பண்ணி வெளியேறாம எழுந்து போயிட்டா, அடுத்து உட்காருறவங்க அவர் பேருலயே உள்ள போயிடலாம்."

சரிதான். எங்கள் கம்பெனி வாட்ச்மேனும் டோக்கனைத்தான் பார்ப்பார். முகத்தைப் பார்த்ததே இல்லை.

யாரோ விளையாடியிருக்கிறார்கள். அந்தப் பெண் ராத்திரி முழுக்க, அப்பா திரும்பி வந்துவிட்டாரோ என்று அதையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"அழிச்சிடட்டுங்களா?" என்றாள் செல்வி.

அழித்தால் இனி அவனை யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். அழிக்கச் சொன்னேன்.

இதை எழுதி முடித்ததும் நானும் மறக்காமல் வெளியேறிவிடுவேன். நாளைக்கு என் பெயரில் 'நல்லா இருக்கேன்' என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். ஒரு போன் போட்டு, நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.