எழுபது வளைவும் ஒரு டிஃபரன்ஷியலும்

வண்டி வேலையில் எஞ்சின் பார்க்கிறவனுக்குப் பேர் கிடைக்கும். பின்சக்கரங்களுக்கு நடுவே தொங்குகிற கூட்டைத் திறக்கிறவனுக்கு முழங்கை வரைக்கும் கறுப்பு ஆயில்தான் கிடைக்கும். நான் இரண்டாவது ஆள். நாமக்கல் லாரி ஷெட்டில் பதினாறு வருடம் அந்தக் கூட்டையே திறந்து மூடிவிட்டு, இப்போது மலை ரோடு ஏறத் தொடங்குகிற காரவள்ளியில் சொந்தமாக ஷெட் போட்டிருக்கிறேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்து, பிரேக் சூடாகி, எதிரே வந்த பஸ்ஸுக்காக ரிவர்ஸ் எடுத்து அனுபவப்பட்டவர்களுக்கு நான் சொல்வது சட்டென்று புரியும். மற்றவர்கள் ஒரு தடவை வந்து பட்டுவிட்டுப் படித்தாலும் சரி.

சேற்றில் ஒரு கால்

பெரியண்ணனை நான் முதலில் பார்த்தது மலை மேல் ஆலத்தூர் நாட்டில் ஒரு மண் பாதையில். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய அவருடைய பிக்அப் நின்றுபோயிருந்தது. ஒரு பின்சக்கரம் சேற்றில் பம்பரமாகச் சுற்றுகிறது. இன்னொன்று நல்ல பாறை மேல் அசையாமல் நிற்கிறது. வண்டி கெட்டுவிட்டது என்று எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். கெடவில்லை, அதன் குணமே அப்படித்தான் என்று விளக்க வேண்டியதாயிற்று. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை அனுமதிப்பதுதான் அந்தக் கூட்டுக்குள் இருக்கிற டிஃபரன்ஷியல். ஆனால் அதில் ஒரு கோளாறு உண்டு. ஒரு சக்கரம் வழுக்கினால் போதும், சுற்றெல்லாம் அதற்கே போய்விடும், பிடிப்போடு இருக்கிற சக்கரம் சும்மா நிற்கும்.

பெரியண்ணன் குத்த வைத்து உட்கார்ந்து கடைசி வரை கேட்டார். ஐம்பது வயதுக்காரர். அப்போதே அவருக்கு அந்தக் கூட்டின் மேல் ஒரு ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. காட்டு வேலை இல்லாத நாட்களில் என் ஷெட்டுக்கு வந்து கூட நிற்க ஆரம்பித்தவர், இன்றைக்கும் வருகிறார். ஆனால் அன்று நான் சொல்லி முடித்ததும் எழுந்து வேட்டியை உதறிவிட்டு அவர் கேட்டது இது: "ஏனுங்ணா, கெட்டியா நிக்கற காலுக்கு வேலை குடுக்காம, வழுக்கற காலையே ஓட்டிக்கிட்டு இருந்தா இதென்னங்க நிர்வாகம்?"

பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கார்

யூசுப் பாய் அடிவாரத்தில் மிளகு வியாபாரி. அறுபது தாண்டியவர், அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் வைத்திருப்பது இருநூற்று ஐம்பது குதிரை சக்தி கொண்ட வெளிநாட்டு செடான், பின்சக்கரத்தில் ஓடுகிற வண்டி. மலையேறுகிற வியாபாரிக்கு இது எதற்கு என்று ஊரே கேட்டது. "ஆசைங்க" என்பார், அவ்வளவுதான். அவர் மனைவி நூர்ஜகான் அக்கா இல்லாமல் அவருக்கு வியாபாரம் கிடையாது. அக்கா ஒரு மிளகைக் கடித்தால் போதும், கொடியிலேயே பழுத்ததா, அவசரப்பட்டுப் பறித்ததா, மழையில் நனைந்து காய்ந்ததா என்று சொல்லிவிடுவார். பாய் ஓட்டுவார், அக்கா வாங்குவார்.

போன ஐப்பசியில் கொடியில் காய் எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்க்க இருவரும் மேலே போனார்கள். நாற்பத்தோராவது வளைவில் நல்ல மழை. ஈர இலை மேல் உள்பக்கச் சக்கரம் ஏறி வழுக்கிச் சுற்ற, காரின் பின்பக்கம் ஒரே வீச்சாக வெளியே போய்க் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் தலைதான் தெரியும். அக்கா இறங்கினார், முக்காட்டைச் சரி செய்தார், அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் காரில் அவர் மலை ஏறவே இல்லை.

தை பிறந்து மிளகு வரத்து ஆரம்பித்ததும் வேடிக்கை தொடங்கியது. முன்னால் அரசு பஸ், ஜன்னலோரத்தில் அக்கா. பின்னால் அதே வேகத்தில், ஒரு தடவைகூட முந்தாமல், பாயின் செடான். நாற்பது வருடக் குடும்பத்தில் அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்ததே இல்லை என்று பாய் என்னிடம் சொன்னார். இப்போது மலை ஏறுகிற அத்தனை நேரமும் பேச்சில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. என் ஷெட்டுக்கு முன்னால் தண்ணீர் பிடிக்க பஸ்ஸை நிறுத்திய டிரைவர் ஒரு நாள் இறங்கி வந்து பாயிடம் சொன்னார்: "பாய், நீங்க இப்படிப் பின்னாடியே வர்றதால பஸ்ஸுக்குள்ள மந்திரி இருக்காருன்னு நெனச்சு மாட்டு வண்டிக்காரங்ககூட ஒதுங்கறாங்க."

பெட்டியைத் திறந்தோம்

பந்தயக் கார்களுக்கு வேலை செய்யும் ஒருவரை கோயம்புத்தூரில் பிடித்து, பாய் ஒரு லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலை வரவழைத்துவிட்டார். அந்தக் கோயம்புத்தூர்க்காரரே மாட்டித் தருவதாகச் சொல்லியும், "மலையைத் தெரிஞ்ச ஆள்தான் மாட்டணும்" என்று பாய் பெட்டியை என் மேஜையில் கொண்டு வந்து வைத்தார். எத்தனையோ லாரிகளைப் பார்த்தவன்தான் நான். ஆனால் இந்தச் சாமானைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லியும்விட்டேன். பாய் பெட்டியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

பெட்டியைத் திறந்தேன். அப்பளத்தை அடுக்கினாற்போல மெல்லிய இரும்புத் தட்டுகள், இரண்டு வகை, ஒன்று விட்டு ஒன்று. ஒரு சக்கரம் வழுக்கித் தனியாக ஓடப் பார்த்தால் இந்தத் தட்டுகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்கும். அதன் ஓட்டத்தை அடக்கி, பிடிப்புள்ள சக்கரத்துக்கும் பங்கு கொடுக்கும். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, வெறும் இரும்பு. யாரோ முகம் தெரியாத ஒருவர் இதை உட்கார்ந்து யோசித்திருக்கிறார். குளிப்பாட்டின குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதைக் கண்டுபிடிச்சவரும் எங்கியோ சேத்துல மாட்டியிருப்பாருங்ணா. ஊட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு இருந்தா இது தோணாதுங்க."

மஞ்சள் பசை

பழைய கூட்டைக் கழற்றுவது அரை நாள் வேலை. அதிலிருந்த பெரிய பல்சக்கரத்தை எடுத்துப் புதியதில் மாட்டுவதும் ஒன்றும் பெரிதில்லை. அதற்குப் பிறகுதான் சோதனை. பல்லும் பல்லும் எங்கே தொடுகின்றன என்று பார்க்க மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றுவோம். பசை அழிந்த இடம் பல்லின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் கொஞ்ச நாளில் பல் போய்விடும். அதைச் சரி செய்ய இரண்டு பக்கமும் காகிதம் போன்ற இரும்பு வளையங்களை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். லாரியில் கைக்குத் தோன்றியபடி செய்து பழகியவன் நான். இங்கே மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஐந்து கூடிற்றா குறைந்ததா என்று முள் மீட்டர் கேட்கிறது.

முதல் தடவை ஓரத்தில் தொட்டது. பிரித்தேன். இரண்டாம் தடவை மறு ஓரம். மறுபடி பிரித்தேன். மூன்றாம் தடவை பசை நடுவில் விழுந்தது. போதும் என்று நான் எழுந்தபோது பெரியண்ணன் பல்சக்கரத்தை இரண்டு விரலால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, "இன்னும் துளி ஆட்டம் இருக்குதுங்ணா" என்றார். மீட்டரை வைத்தேன். இருந்தது, தலைமுடி அளவுகூட இல்லாத ஆட்டம், இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதல். கிழங்கு பிடுங்கிக் காய்த்துப்போன விரல்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது முறையாகப் பிரித்து மாட்டி, பசைத் தடமும் ஆட்டமும் சரியாக அமைந்தபோது மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாளும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த யூசுப் பாய் சொன்னார்: "மிளகுல கல்லு பொறுக்கறப்ப எங்க ஊட்டுல ஏன் யாரையும் பேச விடறதில்லைன்னு இன்னிக்குத்தான் எனக்குப் புரியுது மேஸ்திரி."

மூன்றாவது வளைவு

இனி எழுதப்போவது என் மானம் போன கதை. கார் தயார் என்றதும் பாய் எப்படியோ பேசி அக்காவை முன்சீட்டில் உட்கார வைத்துவிட்டார். கிளம்பினார்கள். நானும் பெரியண்ணனும் ரோட்டில் நின்று கையசைத்தோம். கால் மணி நேரத்தில் பாய் மட்டும் காரில் திரும்பி வந்தார். முதல் வளைவில் திரும்பியதும் பின்னாலிருந்து "கடகட"வென்று சத்தம். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது வளைவில் அக்கா நிறுத்தச் சொல்லி இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸில் மேலே போய்விட்டார்.

தப்பு என்னுடையது. அந்தத் தட்டுகளுக்கென்று மருந்து கலந்த தனி ஆயில் ஊற்ற வேண்டும் என்று பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் எழுதியிருந்தது. நான் படங்களை மட்டும் பார்த்துவிட்டு, வழக்கமாக லாரிக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றியிருந்தேன். தட்டுகள் மெல்ல வழுக்கிப் பிடிக்காமல் ஒட்டுவதும் விடுவதுமாக இருந்திருக்கின்றன, அதுதான் அந்தச் சத்தம். சாயங்காலம் பஸ்ஸில் இறங்கிய அக்காவிடம் போய் அப்படியே ஒப்புக்கொண்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மிளகு மூட்டையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தம்பி, முன்னெல்லாம் சொல்லாம வழுக்கும். இப்ப வழுக்கப் போறேன் வழுக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டே போவுது. மூணு நாள் வேலையில வந்த வித்தியாசம் இதுதானா?"

ஜவ்வரிசிக் களத்தில்

சரியான ஆயில் வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. ஊற்றினால் மட்டும் போதாது, தட்டுகள் ஒன்றோடொன்று பழக வேண்டும். அதற்கு மெதுவாக எட்டு எட்டாக ஓட்ட வேண்டும் என்று அந்தக் காகிதம் சொன்னது. இந்த முறை ஒரு எழுத்து விடாமல் படித்திருந்தேன். எட்டுப் போட மலையடிவாரத்தில் இடம் ஏது? ஜவ்வரிசி காயவைக்கிற ஒரு ஆலையின் சிமெண்ட் களத்தை விடுமுறை நாள் காலையில் கேட்டு வாங்கினோம்.

பாய் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நடக்கிற வேகம்தான். இடமாக ஒரு வட்டம், வலமாக ஒரு வட்டம், திரும்ப இடம். கடகட சத்தம் பத்தாவது எட்டில் குறைந்தது, இருபதில் முனகலானது, முப்பதில் நின்றேவிட்டது. சத்தம் நின்ற நிம்மதியில் களத்தைப் பார்த்தவன் அசந்துபோனேன். வெள்ளை மாவு படிந்த சிமெண்டில் முப்பது எட்டும் ஒரே எட்டாக விழுந்திருந்தது. போன தடத்திலேயே மறுபடி மறுபடி போயிருக்கிறார். கோடு எங்கேயும் ஒரு சாண்கூட அகலவில்லை. நாற்பத்தோராவது வளைவில் வழுக்கியது இந்தக் கைகளின் குற்றமில்லை என்று அப்போது தெரிந்தது. "ஆசைங்க" என்று அவர் சொன்னதற்கும் அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. களம் கூட்ட வந்திருந்த ஒரு அம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதைக் கூட்டறதுக்கு மனசே வரலீங்க சாமி."

நாற்பத்தோராவது வளைவு

பங்குனியில் ஒரு மத்தியானம் கோடை மழை பிடித்தது. அக்காவே போன் செய்தார். "இன்னிக்கே பார்த்துரலாம். ஆனா மாட்டின ஆளும் பின்சீட்டுல உக்காரணும்." நியாயமான நிபந்தனை. போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் அக்காவின் முக்காடு மட்டும் தெரிந்தது. முதல் நாற்பது வளைவும் வைப்பர் ஆடுகிற சத்தம்தான்.

நாற்பத்தொன்று வந்தது. மேலேயிருந்து செந்நீர் ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது, உள் ஓரமெல்லாம் ஈர இலை. சுவரில் பழைய உரசல் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. பாய் வேகத்தைக் குறைத்துத் திருப்பி, ஆக்சிலேட்டரைத் தொட்டார். எனக்குக் கீழே உள்பக்கச் சக்கரம் ஒரு நொடி "கிர்ர்" என்றது. முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த நொடி அந்தச் சத்தம் அடங்கி, வெளிப்பக்கச் சக்கரம் ரோட்டைப் பிடித்தது. யாரோ பின்னாலிருந்து உள்ளங்கையை வைத்துத் தள்ளியது போல அவ்வளவு பெரிய வண்டி அலுங்காமல் மேலே ஏறிற்று. ஒவ்வொரு தட்டையும் என் கையால் எண்ணிப் பார்த்தவன்தான் நான். ஒவ்வொரு போல்ட்டையும் அளந்து முறுக்கியவனும் நான்தான். இருந்தும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நம் கையால் செய்த வேலை நம்மையே இப்படித் தூக்கிக்கொண்டு போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பாய் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அக்கா மட்டும் அசையவில்லை. மீதி இருபத்தொன்பது வளைவும் முடிந்தன. மலை மேல் சோளக்காடு ஊரில் கார் நின்றது. மழையும் விட்டிருந்தது. தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களாக நாங்கள் இருவரும் உட்கார்ந்திருக்க, அக்கா மெல்லத் திரும்பிக் கணவரிடம் சொன்னார்: "ஏங்க, கீழ எறங்கி அந்த வளைவை இன்னொருக்கா ஏறுங்க. பயத்துல கண்ணை மூடிக்கிட்டேன், ஒண்ணும் பார்க்கல."

அன்றைக்கு அந்த வளைவை இரண்டாம் முறையும் ஏறினோம். நம் வேலை எப்படி என்று சொல்ல வேண்டியவர்கள் முக்கியமான நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள் என்பதால், இந்தத் தொழிலில் எந்த அதிசயத்தையும் இரண்டு தடவை செய்துகாட்டத்தான் வேண்டியிருக்கிறது.