சிவப்புக் குழாயில் ஒட்டிய துண்டு

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே ஒரு கரண்டி கறுப்பு மண்ணும் ஊசி போன்ற இரண்டு பைன் இலைகளும். மேலே ஒட்டிய துண்டில் முத்து முத்தான கையெழுத்து: ‘தம்பிக்கு, நான் முதல் எடுத்த மண்.’ நான் போயிருக்க வேண்டிய காட்டின் மண் அது. முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, ஆனாலும் அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

எண்பதுகளில் அபுதாபிக்கு வெளியே ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் நாங்கள் இரண்டு பேர் ஆய்வக உதவியாளர்கள். நான் சிவகாசிப் பக்கம், அவர் யாழ்ப்பாணம். என்னைவிட நான்கு வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்று கூப்பிடுவேன். தக்காளி, வெள்ளரி வேர்களைத் தின்னும் நூற்புழுக்களை மண்ணிலிருந்து பிரித்து நுண்ணோக்கியில் எண்ணுவது எங்கள் டூட்டி. கண்ணுக்குத் தெரியாத புழுக்கள்தாம், ஆனால் பிரிப்பது எளிது. தண்ணீர் நிறைத்த புனலின் வாயில் மெல்லிய தாளை விரித்து அதன் மேல் மண்ணைப் பரப்ப வேண்டும். உயிருள்ள புழு நெளிந்து தாளைத் துளைத்து அடியில் இறங்கிவிடும். செத்தது மேலேயே கிடக்கும். இந்த வேலையில் என் கண்ணும் கையும் அவரைவிட வேகம். ஆனால் நிலையத்தில் எல்லோருக்கும் பிடித்தவர் அவர்தான். பாகிஸ்தான் பட்டாணி டிரைவரில் இருந்து டைரக்டர் வரை அவரிடம் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள். அதோடு எதற்கெடுத்தாலும் துண்டு எழுதி ஒட்டும் பழக்கம் வேறு அவருக்கு. ‘கதவைச் சாத்தவும்.’ ‘கண்ணாடி, கவனம்.’ ஒவ்வொரு துண்டும் என்னைப் பார்த்தே எழுதியது போல எனக்குத் தோன்றும்.

ஒரு நவம்பரில் பனி கொட்டும் தூர வடக்கு நாடொன்றிலிருந்து ஒரு விஞ்ஞானி அம்மாள் ஆலோசனை சொல்ல வந்தார். ஊசியிலைக் காடுகளில் எந்தெந்த நூற்புழு எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு வருடம் கணக்கெடுக்கப் போகிறாராம். எண்ணத் தெரிந்த ஒரே ஓர் ஆள் வேண்டும். பனிப்பெட்டியில் கொண்டுவந்திருந்த காட்டு மண்ணை எங்கள் இருவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். யார் நன்றாக எண்ணுகிறாரோ அவருக்கு வேலை. பனியும் பைன் மரமும் நான் காலண்டரில் மட்டுமே பார்த்தவை. அன்றிலிருந்து அண்ணனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அவர் வணக்கம் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இங்கே வளைகுடா வீட்டுக் குழாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் மொட்டைமாடித் தொட்டி வெயிலில் சூடேறி, பச்சைத் தண்ணீருக்கான நீலக் குழாயில் கொதிக்கும் தண்ணீர்தான் வரும். அதனால் ஹீட்டரை அணைத்துவிட்டு, ஏசி அறைக்குள் ஹீட்டரில் நின்று ஆறிய தண்ணீரைச் சிவப்புக் குழாயில் பிடிப்போம். குளிர் வந்ததும் ஹீட்டரைப் போட்டால் சிவப்பு மறுபடி வெந்நீர். எங்கள் ஆய்வகத்திலும் அதே வழக்கம்தான். ஆறு மாதம் சிவப்பைத் திறந்த கை லேசில் மாறாது.

அண்ணன் முதல் நாளே தன் புனல்களை வைத்துவிட்டார். மறுநாள் காலை பழுதான தராசைத் தூக்கிக்கொண்டு முசஃபா ஒர்க் ஷாப்புக்குப் போயிருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது சிவப்புக் குழாயின் கழுத்தில் புதிதாக ஒரு துண்டு ஒட்டியிருந்தது. இங்கேயும் ஆரம்பித்துவிட்டாரா என்று ஒரு வரி கூடப் படிக்காமல் கிழித்துக் கசக்கிக் கோட்டுப் பைக்குள் திணித்தேன். தடித்த ரப்பர் உறை போட்ட கையால் அதே குழாயைத் திறந்து புனல்களை நிறைத்தேன். ஆவி பறக்கவில்லை. ஆனால் குளிர்காட்டுப் புழு சாவதற்கு அந்தச் சூடே போதுமானது.

இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கியில் குனிந்தால் வெறும் தண்ணீர். ஒரு புழு கூட இல்லை. அண்ணனின் கண்ணாடித் தட்டில் காடே நெளிந்துகொண்டிருந்தது. அம்மாள் என் தாளில் சுழியத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். மண் தீர்ந்துவிட்டது, இன்னொரு முறை என்ற பேச்சுக்கே இடமில்லை. அண்ணன்தான் பதறி ஓடிவந்தார்.

“தம்பி, நீர் எந்தப் பைப்பில தண்ணி பிடிச்சனீர்? கழுவுற பெடியனுக்குக் கை விறைக்குதெண்டு நான் ஹீட்டரைப் போட்டு விட்டனான். ஒரு துண்டும் எழுதி ஒட்டினனானே, நீர் காணேல்லையே?”

“துண்டு ஒண்ணும் இல்லண்ணே,” என்றேன். கை பைக்குள்தான் இருந்தது. அறைக்கு வந்து பிரித்துப் பார்த்தேன்: ‘ஹீட்டர் போட்டிருக்கு. தம்பி, புனலுக்கு நீலப் பைப்பைத் திறந்து பாவியும்.’ தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னைத் தண்ணீராகவே வந்து சுட்டது.

அவர் அந்த வேலைக்குப் போய்விட்டார். நான் லீவு, சம்பளம், வெள்ளரி வேர் என்று இன்னும் ஆறு வருடம் அங்கேயே கிடந்து ஊர் திரும்பினேன். அவர் போன அடுத்த வருடம் அனுப்பியதுதான் இந்தக் குப்பி. கூடவே ஒரு கடிதம். முழங்கால் அளவு பனி, பாசிக்கு அடியில் தோண்டியது, ஒரு பிடி மண்ணில் ஆயிரக்கணக்கில் புழு என்று நான் பார்த்திருக்க வேண்டியதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். முடிவில் இப்படி இருந்தது: ‘நான் அன்று சோற்றுப் பசையால் ஒட்டியதுதான் பிழை. ஈரத்தில் கழன்று விழுந்திருக்கும். உம்முடைய இடத்தை நான் பறித்துவிட்டேன் என்று மனம் உறுத்துகிறது. அப்படி இல்லை என்று ஒரு வரி எழுதும்.’

அதன் பிறகும் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வாழ்த்து வரும், ஓரத்தில் அந்தப் பசைப் பேச்சும் வரும். கசங்கிய துண்டு இழுப்பறையில் இந்தக் குப்பிக்கு அடியிலேயே இருக்கிறது. ஒரு வரி எழுத எனக்கு எவ்வளவு நேரமாகும்? பேனாவை எடுப்பேன். பனியையும் காட்டையும் எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டார், அந்த உறுத்தல் ஒன்றாவது அவரிடம் இருக்கட்டும் என்று பேனாவை மூடிவிடுவேன். போன புத்தாண்டுக்கு வாழ்த்து வரவில்லை. அவர் மகள்தான் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தாள். அப்பா கடைசிவரை என் பதிலைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.